முனையற்ற அம்பு: ஸ்ரீரங்கப்பட்டணத் தீவும் பறவை வேட்டை வில்லும்

1779ஆம் ஆண்டு ஹைதர் அலி சித்ரதுர்க்கக் கோட்டையைக் கைப்பற்றினார். அதன் பாளையக்காரர் மதகரி நாயக்கர் சிறைப்பட்டார். கோட்டையைச் சூழ வாழ்ந்த பேடர் குடிகளில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய சிறுவர்களைக் கொண்டு 'சேலா' என்னும் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. மைசூர் வரலாற்றை எழுதியோர் பலரும் இச்செய்தியை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அவ்வரிகளில் பேடர்கள் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றனர்.

ஆனால் 'பேடர்' என்னும் பெயரே ஒரு தொழிலின் பெயர். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரத்தில் தொடங்குவதை மொழியியல் மாணவர் அறிவர். வில் அங்கே 'பில்லு' ஆகிறது. வேட்டை 'பேட்டெ' ஆகிறது. வேடர் 'பேடர்' ஆகின்றனர். ஆக, 1779இல் காவிரித் தீவுக்கு வந்து சேர்ந்தவர்கள் வில்லாலும் வேட்டையாலும் பெயர்பெற்ற ஒரு குடியினர். படைக்கருவி வரலாற்றில் ஸ்ரீரங்கப்பட்டணம் என்றவுடன் இரும்புக் குழாய் ஏவுகணைகளும் புலிவரி பொறித்த துப்பாக்கிகளும் நினைவுக்கு வருகின்றன. அதே தீவில் வில்லறிவும் குடியேறியது என்பது அந்தப் படத்திற்குள் இடம்பெறுவதில்லை. இடம்பெறாமைக்கான காரணத்தைத் தேடினால் அது அம்பின் முனையில் வந்து நிற்கிறது.

தீவைச் சூழ்ந்த ஆற்றில் பறவைகளுக்குக் குறைவிருந்ததில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் காவிரியின் குறுக்கே எழுப்பப்பட்ட அணைக்கட்டினால் உருவான திட்டுகளே இன்றைய ரங்கனதிட்டு. மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அங்கே கூடுகட்டுகின்றன. ஆற்றைவிட்டு மேட்டுநிலம் ஏறினால் புதர்க்காட்டிலும் கொல்லையோரத்திலும் கௌதாரி, காடை, புறா. வேட்டுவனின் அன்றாட உணவாகக் கூடியவை இந்தச் சிறு பறவைகளே. மானும் பன்றியும் நாள்தோறும் கிடைப்பவையல்ல.

இத்தகைய சிறு பறவையை வில்லால் வீழ்த்த எந்த முனை பொருத்தமானது? கூரிய முனை என்று சொல்லத் தோன்றும். இரை சிறியதாயின் முனையும் சிறியதாக, ஊசிபோல் இருக்கவேண்டும் என்பது அடுத்து எழும் எண்ணம். இரண்டுமே பிழையானவை.

கூர்முனை அம்பு விலங்கைக் கொல்வது பெரும்பாலும் குருதிப்போக்கினால். மான் அம்பைத் தாங்கியபடி ஓடும். நிலத்தில் சிந்திய குருதியைத் தடம்பற்றி வேட்டுவன் பின்செல்வான். பறவையிடம் இந்தக் கணக்குப் பலிப்பதில்லை. மெல்லிய கூர்முனை அதன் சிற்றுடலை ஊடுருவி மறுபுறம் சென்றுவிடும். உயிர் போவதற்குள் பறவை பறந்து எட்டாத புதரில் விழும். காற்றில் சிந்திய குருதியைத் தடம்பற்ற இயலாது. அகன்ற அலகுடைய முனையைப் பயன்படுத்தினால் பறவை கிடைக்கக்கூடும், ஆனால் உண்பதற்கு எஞ்சுவது சொற்பம். பறவை மரக்கிளையில் அமர்ந்திருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. குறிதவறிய கூரம்பு கிளையில் தைத்து உயரத்திலேயே நின்றுவிடும். தரையில் அமர்ந்த காடையை நோக்கி எய்தால் அம்பு புல்லின் அடியில் வழுக்கிச் சென்று மறைந்துவிடும். இரும்புமுனை பொருத்திய அம்பு கொல்லனுக்குக் கூலி கொடுத்துச் செய்வித்தது. ஒரு காடைக்காக அதை இழக்க எந்த வேட்டுவனும் துணியமாட்டான்.

எனவே பறவைக்குரிய அம்பு குத்துவதில்லை, மோதுகிறது. அதன் தலை மொண்ணையானது. மரத்தாலோ எலும்பாலோ கொம்பாலோ ஆன ஒரு குமிழ். அம்பின் வேகம் முழுவதும் பறவையின் உடலிலேயே இறங்குவதால் அது அதிர்ச்சியுற்று அங்கேயே விழுகிறது. இறகும் தோலும் கெடுவதில்லை. கிளையில் பட்டாலும் தைக்காமல் அம்பு தரைக்குத் திரும்புகிறது; புல்லுக்குள் நுழைந்தாலும் குமிழ் அதைத் தடுத்து நிறுத்துகிறது. தண்டு மூங்கிலோ நாணலோ ஆயின் ஆற்றில் விழுந்தாலும் மிதக்கும். பறக்கும் பறவைக்கு எய்யும் அம்பில் வாலிறகைப் பெரிதாகவும் அடர்த்தியாகவும் கட்டுவது பல நாடுகளில் கண்ட வழக்கம். தொடக்கத்தில் வேகமாகச் சென்று, காற்றின் எதிர்ப்பால் விரைவில் தளர்ந்து, அம்பு கண்ணுக்கெட்டிய தொலைவிலேயே விழுந்துவிடும். இன்றும் வில் வேட்டைக்குச் சட்டம் இடந்தரும் நாடுகளில் சிற்றிரைக்கு விற்கப்படுபவை ரப்பர்த் தலைகளும், புல்லில் மாட்டிக்கொள்ளும்படி நாற்புறமும் கம்பி விரல்களை நீட்டிய தலைகளுமே. செய்பொருள் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

இந்த அம்புக்குத் தமிழில் தனிப்பெயர் உண்டு: மொட்டம்பு. மொட்டை என்பதோடு இச்சொல்லை இணைப்பது இயல்பு. பூமொட்டைப் போன்ற அதன் தலையும் நினைவுக்கு வராமற் போவதில்லை. இந்துஸ்தானியில் இதற்கு 'துக்கா' என்று பெயர். தலையில்லாத, மொண்ணையான அம்பு என்பதே அதன் பழம்பொருள். 'தீர் இல்லையேல் துக்கா' என்னும் அம்மொழிப் பழமொழியில் தீர் கூரம்பையும் துக்கா மொண்ணையம்பையும் குறிக்கின்றன. இன்றோ வடநாட்டு மாணவர் தேர்வறையில் குருட்டாம்போக்கில் எழுதும் விடைக்குத் துக்கா என்று பெயர். பொருளை இழந்து பெயர்மட்டும் பிழைத்திருக்கும் கருவிகளுள் இதுவும் ஒன்று. நடு இந்தியாவின் பழங்குடிகளிடத்திலோ பொருளே பிழைத்திருந்தது: சந்தால் மக்களிடம் இரும்புமுனை அம்புகளோடு பறவைக்கென்று மரத்தலை அம்பும் தனியே இருந்தது.

நூல்வழக்கு இதற்கு நேரெதிர்த் திசையில் செல்கிறது. 1363இல் தொகுக்கப்பட்ட சார்ங்கதர பத்ததியின் வில்வித்தைப் பகுதி அம்புமுனைகளைப் பத்தாக வகுக்கிறது: ஆராமுகம், க்ஷுரப்ரம், கோபுச்சம், அர்த்தசந்திரம், சூசீமுகம், பல்லம், வத்ஸதந்தம், த்விபல்லம், கர்ணிகம், காகதுண்டம். ஊசிமுகம், பிறை, கன்றின் பல், காக்கையின் அலகு என உருவத்தை உவமையாக்கிப் பெயரிட்ட அழகிய பட்டியல் இது. ஆனால் இவற்றுக்குக் கூறப்படும் பயன்கள் கவசத்தைத் துளைத்தல், நாணை அறுத்தல், தலையைக் கொய்தல் போன்றவை. காக்கையின் அலகிலிருந்து ஒரு முனைக்குப் பெயர் கிடைத்தது. காடைக்கென்று ஒரு முனை பட்டியலில் ஏறவில்லை. ஏறாததில் வியப்பில்லை. வில்வித்தை நூல் என்பது அரசனுக்கும் வீரனுக்கும் உரியது. அதை ஒட்டுமொத்த இந்திய வில்லின் இலக்கணமாகப் படிப்பதுதான் தவறு. ஆய்வேடுகளில் இத்தவறு அடிக்கடி நேர்கிறது.

அரசர்கள் பறவை வேட்டையாடவில்லை என்பதல்ல. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானஸோல்லாஸம் அரச பொழுதுபோக்குகளை விரிவாகப் பேசுகிறது. அதில் மிருக வேட்டைக்கு ஓர் இயல் உண்டு. பறவை வேட்டைக்கு வல்லூறு பழக்குவதைப் பேசும் தனி இயலும் உண்டு. பறவையைப் பறவையைக்கொண்டே பிடித்தல் அரசனின் வழி. வல்லூற்றைப் பிடித்து, பழக்கி, ஊனூட்டிக் காக்க ஆளும் செல்வமும் வேண்டும். கன்னட நாட்டிலேயே எழுந்த இந்நூலில் வேட்டுவனின் மொண்ணையம்பைத் தேடுவது, அரண்மனைச் சமையல் ஏட்டில் கூழைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பத்து முனைகளுள் ஒன்றாகிய அர்த்தசந்திரம், அதாவது பிறையம்பு, பறவைக்கும் பயன்பட்டிருக்கலாகாதா? கவைபோல் பிளந்த முனை உலகின் பல பகுதிகளில் வேட்டைக்குப் பயன்பட்டதுண்டு. ஜப்பானில் இவ்வகை முனைக்குக் 'கரிமத்தா' என்று பெயர். அதை எழுதும் எழுத்துகளில் காட்டு வாத்தைக் குறிக்கும் எழுத்தே முதலில் நிற்கிறது. நீர்ப்பரப்பில் மிதக்கும் பெரிய வாத்தின் கழுத்தையோ சிறகையோ வெட்ட அகன்ற கவைமுனை உதவும் என்பதை ஏற்கலாம். ஆயினும் காவிரிக்கரைக் காடைக்கும் புறாவுக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பது மிகை. கொல்லன் நெடுநேரம் அடித்துச் செய்த பிறைமுனையின் விலை, புறாவின் விலையைவிடப் பன்மடங்காகும்.

தென்னாட்டுச் சான்றுகள் இதைவிட எளிய விடையொன்றைக் காட்டுகின்றன. முனையை மொண்ணையாக்குவதோடு நில்லாமல், அம்பையே விட்டுவிடுதல். உண்டைவில் என்பது அதன் பெயர்.

உண்டைவில் மூங்கிலால் ஆனது. அதற்கு நாண் இரண்டு; அவற்றை விலக்கி நிறுத்த இடையில் சிறு குச்சி. நடுவில் தோலாலோ துணியாலோ ஒரு சிறு தொட்டில். களிமண்ணைக் கோலிக்குண்டு அளவில் உருட்டி வெயிலில் உலர்த்திய உண்டையை அத்தொட்டிலில் வைத்து இழுத்துவிட வேண்டும். விடும் கணத்தில் வில்லைப் பிடித்த கையைச் சற்றே புறம்திருப்பவேண்டும். இல்லையேல் உண்டை கட்டைவிரலைப் பெயர்த்துவிடும். இந்த மணிக்கட்டுத் திருப்பமே வித்தையின் கடினமான பகுதி, இதை ஏட்டில் எழுதிக் கற்பிக்க இயலாது. மற்றபடி செலவே இல்லை. ஆற்றங்கரைக் களிமண்ணும் ஒரு மூங்கிலும் போதும். குறிதவறிய உண்டையைத் தேடி எவரும் புதருக்குள் நுழைய வேண்டியதில்லை.

தமிழில் இக்கருவியின் தொன்மையை அறிவிப்பவை பக்திப் பனுவல்கள். நம்மாழ்வார் திருவாய்மொழியில் கூனியின் கூன்மேல் உண்டை தெறித்த செய்தி உண்டைவில் என்னும் பெயரோடே வருகிறது. திருமழிசையாழ்வார் திருச்சந்த விருத்தத்தில் அதே செய்தி அரங்கத்தைப் பாடும் பாசுரத்தில் அமைகிறது. பின்னர் கம்பர், இராமன் சிறுவனாக இருந்தபோது தன்மேல் எறிந்த உண்டையை மந்தரை நினைந்து வன்மம் கொண்டதாக அயோத்தியா காண்டத்தில் அமைத்தார். வான்மீகியின் மந்தரைக்கு இப்படியொரு காரணம் இல்லை. இது தமிழ்மரபு பேணிய செய்தி. ஓர் அரசு கைமாறி, ஒரு காவியம் காட்டுக்குத் திரும்புவதற்குக் காரணமாக ஒரு களிமண் உருண்டையை வைத்த துணிவு கவனிக்கத்தக்கது.

கருவி வரலாற்றுக்கு இப்பாடல்களில் கிடைப்பவை மூன்று. முதலாவது, உண்டைவில் சிறுவர் கையில் இயல்பாக இருந்தது, அரசிளங்குமரன் கையில்கூட. இரண்டாவது, அது உயிர்போக்கும் கருவியாகக் கருதப்படவில்லை. கூனிக்கு நேர்ந்தது நோவும் இழிவும்தான். மனிதருக்கு நோவு தரும் அதே அடி ஒரு புறாவை வீழ்த்தப் போதுமானது. மூன்றாவது, வினைச்சொல். அம்பை எய்வர், உண்டையைத் தெறிப்பர். நம்மாழ்வார் ஆள்வது தெறித்தல் என்னும் வினை. இருவேறு உடலசைவுகளை மொழி இருவேறு சொற்களால் பிரித்து வைத்திருந்தது. திருவரங்கத்து அரங்கனைப் பாடிய பாசுரம், காவிரியின் மூன்று அரங்கங்களுள் முதலாவதாகிய ஸ்ரீரங்கப்பட்டணத்தின் ஆதிரங்கன் சந்நிதிக்கும் அயலானதன்று. வைணவ மரபில் இவ்விரு தீவுகளும் ஒரே தொடரின் இரு முனைகள்.

வடக்கில் இக்கருவி 'குலேல்' எனப்பட்டது. அக்பரின் படைக்கலங்களைப் பட்டியலிடும் அபுல் ஃபஸலின் ஆயினே அக்பரி, வாள் ஈட்டிகளோடு 'கமானே குரோஹா' என்னும் உண்டைவில்லையும் சேர்த்துச் சொல்கிறது. அரச படைக்கலக் கொட்டிலில் அதற்கு இடம் கிடைத்தது சற்று வியப்பே. பிற்காலத்தில் குலேல் என்னும் அதே பெயர் ரப்பர் பட்டை கட்டிய கவட்டைக்கு மாறியது. இன்று தமிழ்நாட்டுச் சிறுவர் கையிலுள்ள உண்டிவில்லும் அவ்வாறே வில்லின் வளைவை இழந்து, பெயரில் மட்டும் வில்லைச் சுமந்து நிற்கிறது.

வில் மட்டுமே பறவை வேட்டையின் கருவி என்று கொள்வதும் பிழையாகும். சங்கப் பாடல்களில் பறவை பிடிப்போன் பெரும்பாலும் வலையோடு தோன்றுகிறான். நற்றிணை 212ஆம் பாடலில் வருபவன் பார்வை வேட்டுவன். பழக்கிய பறவையைப் பார்வையாக வைத்து அதன் இனத்தை வலைக்கு அழைப்பவன். அவன் விரித்த வலைக்கு அஞ்சிக் கணந்துள் பறவை குரல் எழுப்புகிறது. ஒரே வீச்சில் பல பறவைகளைத் தரும் வலைக்கும் கண்ணிக்கும் முன்னால் வில் இரண்டாம் இடத்தையே பெறும். வலைவிரிக்க நேரமில்லாதபோது, வழிநடையில், புனக்காவலில், தனித்து அமர்ந்த ஒரு பறவைக்காக எடுக்கப்படுவது வில். அந்த நேரத்துக்குரிய ஆயுதம் மலிவானதாகவும் இழக்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும். மொட்டம்பும் உண்டையும் அத்தகையவை.

பேலூர்ச் சென்னகேசவர் கோயிலின் தாங்குசிற்பங்களுள் வில்லேந்திய வேட்டைப்பெண் ஒருத்தி உண்டு. ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் 1117இல் எழுப்பிய கோயில் அது. அவளருகே ஏவற்பெண் சுமக்கும் கழியின் ஒருமுனையில் மானும் மறுமுனையில் கொக்கும் தொங்குகின்றன. பெருவிலங்கையும் பறவையையும் ஒரே வேட்டையின் இரு பங்காகச் சிற்பி எடைபோட்டு வைத்திருக்கிறான். அவள் தலையலங்காரத்துக்குச் செலவிட்ட உளியின் நுணுக்கத்தில் ஒரு சிறுபகுதியை இரண்டாவது வகை அம்புக்கு அவன் செலவிட்டிருந்தால் இக்கட்டுரையின் பாதி தேவைப்பட்டிராது.

இனித் தொல்லியல். சித்ரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரியில் 1947இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வும், தென்கோடியில் ஆதிச்சநல்லூர் அகழாய்வுகளும் இரும்புக்கால ஈமச்சின்னங்களிலிருந்து இரும்புக் கருவிகளை வெளிக்கொணர்ந்தன. அம்புமுனைகளும் அவற்றுள் உண்டு. இவ்வாறான தொகுப்புகளைக் காணும் மாணவர் பெரிய முனையை விலங்குக்கும் சிறிய முனையைப் பறவைக்கும் ஒதுக்க விழைவது இயல்பு. இந்த விழைவு இங்குள்ளோருக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் கிடைக்கும் சிறு முக்கோணக் கல்முனைகளை அங்குள்ள சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகப் 'பறவை முனைகள்' என்றே அழைத்துவந்தனர். அவை மானையும் காட்டெருமையையும் வீழ்த்திய முனைகள் என்பதைத் தொல்லியலாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். வில்லம்பின் மெல்லிய தண்டுக்குப் பொருந்தவே அவை சிறியனவாயின. சேகரிப்பாளர் அம்புமுனை என்று எண்ணிய பெரிய கற்கள் பல, கையால் எறியும் ஈட்டிக்கோலின் முனைகளோ கத்திகளோ ஆகும். முனையின் அளவைத் தீர்மானித்தது தண்டு, இரையன்று.

மெய்யான பறவையம்புகளை மண் விட்டுவைத்த இடம் டென்மார்க்கின் சதுப்புநிலங்கள். இடைக்கற்கால மக்களின் குமிழ்த்தலை மர அம்புகள் அங்கே காற்றுப்புகாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடைத்துள்ளன. பறவைகளையும் மென்மயிர் விலங்குகளையும் தோல் கெடாமல் வீழ்த்த அவை பயன்பட்டன என்பது பொதுவான விளக்கம். தக்காணத்தின் செம்மண்ணும், மாறிமாறி வரும் மழையும் கோடையும், கறையானும் மரத்துக்கு அத்தகைய சலுகை தருவதில்லை. உலர்ந்த களிமண் உண்டையோ முதல் மழையிலேயே மீண்டும் மண்ணாகிவிடும். ஆகவே தென்னாட்டில் அகழ்ந்தெடுத்த அம்புகளின் வரலாறு இரும்பின் வரலாறாகவே அமைகிறது. இரும்பின் வரலாறு போரின் பக்கமும் பெருவேட்டையின் பக்கமும் சாய்ந்தே நிற்கும். அருங்காட்சியகத் தட்டில் 'சிறு அம்புமுனை, பறவை வேட்டைக்குரியது' என்று எழுதப்படும் குறிப்பு, இல்லாத பொருளின் பெயரை இருக்கும் பொருளுக்குச் சூட்டுவதாகும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இச்சாய்வு இருமடங்காகியது. 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தபின் கடல்கடந்து சென்றவை பொன்னும் எஃகும் வேலைப்பாடும் உடைய பொருள்கள். பட்டணத்துத் தொழிற்கூடங்களில் திப்பு செய்வித்த துப்பாக்கிகள் இன்று பிரித்தானியத் தொகுப்புகளில் ஆண்டும் எடையும் குறிக்கப்பட்டுப் பேணப்படுகின்றன. மூங்கில் வில்லைக் கொள்ளைப்பொருளாக எவரும் மதிப்பதில்லை. சேலாப் படைச் சிறுவர்கள் கொல்லக் கற்றது துப்பாக்கியால். அவர்களுடைய தந்தையர் கௌதாரியை வீழ்த்திய முறையை எழுதிவைக்கும் கடமை எந்தப் படை எழுத்தருக்கும் இருந்ததில்லை.

தீவின் பறவைகளுக்கு அடுத்த திருப்பம் 1940இல் நேர்ந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் வற்புறுத்தலால் மைசூர் அரசு ரங்கனதிட்டைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடெங்கும் வேட்டையைத் தடைசெய்தது. கொல்லுதல் மட்டுமன்றிப் பிடித்தலும் கண்ணிவைத்தலும் கூட்டையும் முட்டையையும் சிதைத்தலும் அதன் வரையறைக்குள் அடங்கும். 2022இல் ரங்கனதிட்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நாரைகளுக்கு இவை நன்மையே செய்தன. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

தடைக்குப் பின் கள ஆய்வில் இறங்கும் மாணவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 'பறவை வேட்டை ஆடினீர்களா' என்று ஒரு முதியவரைக் கேட்டால் விடை 'இல்லை' என்றே வரும். அவ்விடையில் நியாயமும் உண்டு. சோளக்கொல்லையில் கிளி ஓட்டியது எப்படி என்று கேட்கலாம். உண்டைக்கு எந்தக் குளத்து மண் எடுத்தார்கள், நாணுக்கு என்ன நார், குச்சியை எங்கே கட்டினார்கள், கையை எப்பக்கம் திருப்பவேண்டும் என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் சொல்லாக வராது; வெறுங்கையை நீட்டி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். குறிப்பேட்டோடு ஒளிப்படக் கருவியும் கையில் இருப்பது நல்லது.